நிரம்பல் சார்பு

அமைச்சு கேட்டது ஒரே ஒரு வரி:
கிலோவுக்குப் பத்து ரூபா கூட்டினால்
அம்பாறையில் எத்தனை ஏக்கர் கூடுதலாய் விதைப்பார்கள்?
வெள்ளிக்கிழமைக்குள்.

நாற்பத்திரண்டு வருஷம், எண்பத்து நான்கு போகம்.
எலி கடித்த கோப்புகள், பச்சை மைக் கையெழுத்துகள்.
சமன்பாட்டின் இடப்பக்கம் விதைத்த ஏக்கர்.
வலப்பக்கம் போன போகத்து விலை,
யூரியா, டீசல்,
ஐப்பசியிலிருந்து மார்கழி வரை பெய்த மாரி.
மாரியும் ஒரு மாறி.
வகுப்பில் சொன்னால் பிள்ளைகள் சிரிப்பார்கள்.
இங்கே மின்விசிறி மட்டும்.

சண்டை நடந்த போகங்களுக்கு ஒன்று,
நடக்காதவற்றுக்குப் பூச்சியம்.
போலி மாறி என்று அதற்குப் பேர்.
தொண்ணூறாம் ஆண்டுச் சிறுபோகத்தில்
ஒன்றைத் தட்டினேன்.
விசையிலிருந்து விரலை எடுக்கக்
கொஞ்ச நேரம் பிடித்தது.
உரம் வராத போகத்துக்கு வேறொரு ஒன்று.

ஓட விட்டேன்.
விலைக்கு நேரே வந்த குணகம்
புள்ளி பூச்சியம் நாலு.
நியம வழு அதைவிடப் பெரிது.
அதாவது விலை எவ்வளவு கத்தினாலும்
சம்மாந்துறைக்காரர் காதில் விழவில்லை.

பணிப்பாளர் தொலைபேசியில்:
"விவசாயிக்கு விலை ஒரு பொருட்டில்லை எண்டு எழுதலாம்தானே?"
எழுதலாம்.
நட்சத்திரம் இல்லாத எண்ணுக்கு
அப்படித்தான் எழுதுவது.

ஆனால் எச்சங்களை வரைந்து பார்த்தேன்.
கோட்டுக்கு மேலும் கீழும் கண்டபடி
சிதறிக் கிடக்க வேண்டியவை
பெரும்போகமெல்லாம் ஒரே பக்கமாய்
கொக்குக் கூட்டம்போல் இறங்கியிருந்தன.
கொக்கு சும்மா இறங்காது.

மாசி. வேப்பையடி வட்டை.
சுனாமி என்று பேர் வாங்கிய அறுவடை மெசின்
வரம்பில் நின்றபடியே நெல்லைக் கக்கியது.
தவமலருக்கு இரண்டு ஏக்கர், குத்தகைக் காணி.
படங்கில் குவிந்த நெல்லுக்குள் கையை விட்டேன்,
வெதுவெதுப்பு.
ஈரப்பதன் இருபத்து மூன்று.
சபைக்குப் பதினாலு வேணும்.
சபையின் களஞ்சியம் திறப்பது சித்திரையில்.
மெசின்காரனுக்குக் காசு இப்போது.
உரக்கடைக்கு இப்போது.
வங்கியில் கிடக்கும் காப்புக்கு வியாழக்கிழமை.

வாய்க்கால் ரோட்டில் லொறி.
மூடைக்கு மூன்று கிலோ கழித்து
ஒரு விலை சொன்னார்கள்.
பாடப்புத்தகத்தில் நிரம்பல் என்று படித்தது;
இங்கே நிரம்பியது லொறி.

அந்த விலை என் நிரலில் எங்கேயும் இல்லை.
எண்பத்து நான்கு போகமும் நான் தட்டியது
வர்த்தமானியில் அச்சடித்த விலை.

"உத்தரவாத விலை எப்பவாவது கிடைச்சிருக்கா?"
தவமலர் யோசித்தார்.
"ஒருக்கா. என்ட மச்சானுக்கு.
அவருக்கிட்டக் காயவைக்கச் சீமெந்துக் களம் இருந்த."

வட்டவிதானை ஆதம்பாவாவின் கொப்பி
என் கோப்புகளைவிடச் சுத்தம்.
தண்ணி திறந்த நாள், யானை வந்த இரவு,
மெசின் கூலி,
வரம்படியில் லொறி கொடுத்த விலை.
பத்தொன்பது பெரும்போகம், ஒன்றும் விடாமல்.
"இத ஏன் எழுதி வெச்சிருக்கீங்க?"
"கேக்கிறதுக்கு ஒருத்தரும் வரல்ல, மகள். அதுக்காக எழுதாம விடுறதா?"

பழைய நிரலை அழித்தேன்.
திரும்ப ஓட விட்டேன்.
புள்ளி ஐந்து. பக்கத்தில் இரண்டு நட்சத்திரம்.
காது கேட்கிறது.

பத்தொன்பது அவதானம் போதாது என்பார்கள்.
போதாதுதான்.
வெள்ளிக்கிழமை அனுப்பிய பதிலில் ஏக்கர் இல்லை:
நீங்கள் கூட்டும் பத்து ரூபா வரம்புவரை வராது.
களம் போட்டுக் கொடுங்கள்,
மாசியில் களஞ்சியத்தைத் திறவுங்கள்,
பிறகு இதே கேள்வியைக் கேளுங்கள்.

அடிக்குறிப்பில் ஒன்று சேர்த்தேன்,
பணிப்பாளர் வெட்டிவிடுவார்:
அன்று வரம்பில் நான் கோப்போடு நின்றதைக் கண்டு
லொறிக்காரர் கிலோவுக்கு ஐம்பது சதம் கூட்டினார்.
அந்த ஐம்பது சதத்தைத்
தரவில் சேர்க்கவில்லை.
அது வழு. அது நான்.